"பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றால் நம்பாதீர்கள்: இங்கிலாந்தில் லீஸுக்குக் கடை நடத்துவோருக்கு எச்சரிக்கை

இங்கிலாந்திலும் வேல்சிலும் கட்டட உரிமையாளர்கள் சிலர், இடித்துக் கட்டப்போகிறோம் என்று சொல்லியே லீஸுக்கு இருக்கும் நல்ல கடைக்காரர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். 1954ஆம் ஆண்டு உரிமையாளர்-குத்தகைதாரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 25ஆம் பிரிவில் ஒரு நோட்டீஸ் வரும். 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு முடிவுத் தேதி, காரணமாக 30(1)(எஃப்) பிரிவு: இடிப்பு அல்லது மறுகட்டுமானம். பதறிப்போய் உரிமையாளரின் ஏஜெண்டைக் கூப்பிட்டால், "பிளானிங் (கட்டட அனுமதி) கூட வரவில்லை, அவசரமில்லை, பேசிக்கொள்ளலாம்" என்பார். தேதி தாண்டிய மறுநாள் பேச்சு மாறிவிடும். அந்தத் தேதிக்குள் கோர்ட்டில் மனுப் போடாவிட்டால் புது லீஸ் கேட்கும் உரிமை போச்சு. அவகாசம் தருகிறார்களென்றால் தேதி முடியும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது.

மனுப் போட்டால் நிரூபிக்கும் சுமை உரிமையாளருக்கு. விசாரணை நாளன்று உறுதியான எண்ணம் இருக்க வேண்டும். பணம், பிளானிங் அனுமதி அல்லது அது கிடைக்க நியாயமான வாய்ப்பு, கம்பெனியென்றால் இயக்குநர் குழுத் தீர்மானம் எல்லாவற்றையும் கேளுங்கள். லண்டன் ஜெர்மின் தெருக் கடை வழக்கில் உரிமையாளர் காட்டிய திட்டத்தில், உள்ளே ஒரு சுவர் எழுப்பி, நுழைய வழியே இல்லாத ஒரு பகுதியை உண்டாக்கியிருந்தார்கள். கடைக்காரரைக் கிளப்பவே போட்ட வேலை. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைக்காரர் தானாகவே போயிருந்தாலும் உரிமையாளர் இந்த வேலையைச் செய்வாரா என்பதே கேள்வி. வேலைக்காக உள்ளே வர நீங்கள் சம்மதித்து, கடையைப் பெரிதாகப் பாதிக்காமலே வேலை முடியுமென்றால் 31ஏ பிரிவும் கைகொடுக்கும்.

உண்மையாகவே இடித்தாலும் இழப்பீடு உண்டு: ரேட்டபிள் வேல்யூ (வணிக வரிக்காகக் கடைக்கு மதிப்பிட்ட ஆண்டு வாடகை) அளவு, அதே இடத்தில் அந்தத் தொழில் 14 ஆண்டு நடந்திருந்தால் இரு மடங்கு. ரேட்டபிள் வேல்யூ 18,000 பவுண்டு என்றால், அப்படி இரு மடங்காக 36,000 பவுண்டு. இதை மிச்சம் பிடிக்கத்தான் "சிநேகமாக முடித்துக்கொள்வோம்" என்று சரண்டர் பத்திரத்தை, அதாவது லீஸை நீங்களே விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, நீட்டுவது. அதில் கையெழுத்துப் போட்டால் நோட்டீஸால் லீஸ் முடிந்ததாக ஆகாது, தொகையும் போய்விடும். தேதிக்கு முன்பே கடையைக் காலி செய்து வைப்பதும் இழப்பீட்டுக்கு ஆபத்து.

லீஸில் அந்தச் சட்டத்தின் 24 முதல் 28 வரையான பிரிவுகள் பொருந்தாது என்று இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் அப்படி விலக்க, கையெழுத்துக்கு 14 நாள் முன்பே எச்சரிக்கைப் படிவம் தந்திருக்க வேண்டும். அந்த 14 நாள் அவகாசம் குறைந்தால் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அந்தத் தாள்களை இன்றே தேடி எடுத்து, சொலிசிட்டரிடம் காட்டுங்கள்.