தண்ணீரில் போட்டுக் காட்ட எது: லித்தியமா, சோடியமா, பொட்டாசியமா?

பிளஸ் ஒன் வகுப்பில் கார உலோகங்கள் பாடம் வந்தால், இந்த மூன்றில் ஒன்றையாவது தண்ணீரில் போட்டுக் காட்டத்தான் வேண்டும். எங்கள் ஆய்வகத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது சோடியம். வருடக்கணக்கில் அலமாரியில் வைத்துப் பராமரிக்க ஏற்றது அதுதான்.

தனிம அட்டவணையில் இவை இருக்கும் தொகுதியில் கீழே போகப் போக வினைத்திறன் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும்: லித்தியத்துக்கு 520, சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419 கிலோஜூல்/மோல். இன்னும் கீழே இருக்கும் ரூபிடியத்தையும் சீசியத்தையும் நான் கையாண்டதில்லை. பள்ளிக்கு அவை தேவையும் இல்லை.

லித்தியத்தில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. அதன் மின்முனை அழுத்தம் −3.04 வோல்ட், மூன்றிலும் அதுவே அதிக எதிர்மம்; அதாவது கரைசலில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் நாட்டம் அதற்கே அதிகம். அப்படியிருந்தும் தண்ணீரில் நிதானமாகத்தான் குமிழி விடும். உருகுநிலை சுமார் 180 டிகிரி என்பதால், வினையில் எழும் வெப்பத்துக்கு அது உருகுவதில்லை, திடமாகவே மிதக்கும். ஆற்றல் வேறு, வேகம் வேறு என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பொட்டாசியம் போட்டவுடனே ஊதா நிறத்தில் எரியும். காட்சிக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது சேமிப்புதான். லித்தியத்தின் அடர்த்தி 0.53; மண்ணெண்ணெயில்கூட மிதக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி காற்றிலுள்ள நைட்ரஜனோடும் சேர்ந்து கறுக்கும். அதனால் பாரஃபின் மெழுகு பூசி வைக்க வேண்டும். பொட்டாசியம் அதைவிட மோசம். எண்ணெய்க்குள் இருந்தாலும் நாளடைவில் மஞ்சளாகச் சூப்பர் ஆக்சைடு (ஆக்சிஜன் மிகுந்த சேர்மம்) படியும். அந்தப் பழைய கட்டியில் கத்தியை அழுத்தினால், படிவு உலோகத்தோடும் எண்ணெயோடும் உரசி வெடிக்கக்கூடும். வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் புட்டிக்கு இந்த அபாயம் வேண்டவே வேண்டாம்.

சோடியம் மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். மேலே வெள்ளைப் படிவு வரும், அதைச் சீவி எடுத்துவிடலாம். சோப்புக்கட்டி போல வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். கரிமச் சேர்மத்தில் நைட்ரஜன், கந்தகம் போன்றவற்றைக் கண்டறியும் லாசிகன் சோதனைக்காக எப்படியும் வாங்குகிறோம், தனிச் செலவில்லை. பச்சைப்பயறு அளவுத் துண்டு போதும். உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் சீறி ஓடும்; காரத்தில் நிறம் மாறும் பினாப்தலீன் நீரில் கலந்திருந்தால் போன வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு. வடிதாளை மிதக்கவிட்டு அதன்மேல் வைத்தால் ஓரிடத்தில் நின்று மஞ்சளாகத் தீப்பிடிக்கும்.

எதைப் போட்டாலும் கண்ணாடித் தடுப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சோடியமும் பெரிய துண்டானால் வெடிக்கும். எலக்ட்ரான்கள் நீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி உலோகம் முள்முள்ளாகச் சிதறுவதை 2015இல் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது சோடியம்–பொட்டாசியம் கலவைத் துளி.

மிச்சத் துணுக்குகளைக் கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது. எத்தனாலில் ஒவ்வொன்றாகப் போட்டால் சோடியம் மெல்லக் கரைந்துவிடும். பொட்டாசியமென்றால் அதற்கும் தனியாக, எத்தனாலைவிட மெதுவாக வினைபுரியும் மூவிணைய பியூட்டனால் என்ற ஆல்கஹாலை வாங்க வேண்டியிருக்கும்.