ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க

என்னோடு வேலை பார்த்து, சமீபத்தில் ஓய்வுபெற்ற நண்பர் கேட்டார்: "ஒரு ரேடியோ வாங்கலாம்னு இருக்கேன் சார். மொபைல் வேண்டாம், பெட்டியாவே வேணும். சென்னை ஏ இன்னும் வருதா? கேக்குற மாதிரி இருக்கா?" அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தைத்தான் கேட்கிறார். வருகிறது என்று உடனே சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பழகிய நிலையம், உரிமை அதிகம்.

செட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடையது மூன்று பேண்டு பெட்டி, பெரிய செல் போடுவது. வால்யூமைத் திருகினால் கரகரவென்றது, சில நாள் ஒரு பக்கம் தட்டினால்தான் பாடியது. ரிப்பேருக்குக் கொடுத்தேன். வால்யூம் கண்ட்ரோலை மாற்றிவிட்டு ரிப்பேர்காரர் சொன்னார்: "செட்டு இப்ப நல்லா இருக்கு சார். ஆனா நீங்க சொல்ற அந்த 'ஙொய்'ங்கற சத்தம் செட்டுல இல்ல, உங்க வீட்டுல இருக்கு." கடையிலேயே போட்டுக் காட்டினார். அங்கேயும் ஙொய். மேலே எரிந்த எல்.இ.டி பல்பை அணைத்தார், பாதி இரைச்சல் போய்விட்டது. மொபைல் சார்ஜரைப் பிடுங்கினார், மீதியிலும் பாதி போனது.

விஷயம் இதுதான். சென்னை ஏ வருவது எஃப்.எம்முக்கு முந்தின பழைய முறையான மீடியம் வேவில், 720 கிலோஹெர்ட்ஸில். எல்.இ.டி விளக்குக்குள் இருக்கும் டிரைவர், சார்ஜர், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் எல்லாமே மின்சாரத்தைப் படுவேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பவை. மலிவானவற்றில் வடிகட்டி சரியாக இருக்காது. அந்தக் குப்பையெல்லாம் நேராக மீடியம் வேவில் வந்து கொட்டுகிறது. குண்டு பல்பு எரிந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. இதற்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. செட்டுக்குள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் மீடியம் வேவுக்கு ஏரியல். அதற்குத் திசை உண்டு. ஏரியலை இழுத்து நீட்டிப் பிரயோசனமில்லை, பெட்டியையே மெதுவாகச் சுற்ற வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். என் வீட்டில் அந்தக் கோணம் பெட்டியின் முகம் சுவரைப் பார்க்கிற கோணமாக அமைந்துவிட்டது. எனவே ரேடியோவின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் செய்தி கேட்கிறேன். எங்கள் தெருவில் கரண்ட் போனால் மட்டும் 720 சுத்தமாக வரும். பக்கத்து வீட்டுக்காரர் மின்வாரியத்துக்கு போன் போட்டுக் கத்திக்கொண்டிருப்பார், நான் உள்ளூர சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பேன்.

சரி, இரைச்சல் கிடக்கட்டும். இரைச்சலைத் தாண்டி எதைக் கேட்கிறோம் என்பதுதான் கேள்வி.

சென்னை வானொலி 1938 ஜூனில் தொடங்கியது, திருச்சி அடுத்த ஆண்டு. எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். பகலில் 720-ம் வரும், திருச்சி 936-ம் வரும். இரவானால் அயலூர் நிலையங்களும் உள்ளே புகுந்துவிடும். காலையில் எங்கள் வீட்டில் கடிகாரம் பார்த்தவர் யாருமில்லை. 6.55-க்கு சமஸ்கிருதச் செய்தி. ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அது வந்தால் பல் தேய்த்திருக்க வேண்டும். ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி, சரோஜ் நாராயணசுவாமியின் குரல். 2022-ல் அவர் காலமானபோது, முகமே தெரியாத ஒருவருக்காக எங்கள் அம்மா நாள் முழுக்க வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் தென்கச்சி கோ. சுவாமிநாதன். 'இன்று ஒரு தகவல்' கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்கு விளக்கினாலும் பிடிபடாது. விவசாயம் படித்தவர், வானொலியின் விவசாயப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒரு தகவலைச் சொல்வார், கடைசியில் ஒரு நகைச்சுவைக் கதை. சொல்கிறவர் சிரிக்கவே மாட்டார். சிரிப்பு முழுக்க நம் வீட்டில்தான் நடக்கும். இந்த 'சொல்கிறவர் சிரிக்கக் கூடாது' என்ற ஒழுங்கைத்தான் நான் இன்றைய ரேடியோவில் விளக்கு வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாள் வானொலிப் பேச்சு என்றால் எழுதிப் படிப்பதுதான். எங்கள் பள்ளித் தமிழாசிரியருக்கு ஒருமுறை நிலையத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது. தலைப்பு, நாள், நேரம், சன்மானம் எல்லாம் போட்டு, பத்து நிமிட உரை. உரையை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். அவர் வகுப்பிலேயே வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு எங்களிடம் படித்துப் பார்த்தார். பதினோரு நிமிடம் வந்தது. ஒரு பத்தியை வெட்டினார். எந்தப் பத்தியை வெட்டலாம் என்று எங்களையும் கேட்டார். ஒலிப்பதிவு முடிந்து வந்ததும் சொன்னார்: "தாளைப் பின் பண்ணக் கூடாதாம்டா. ஒவ்வொரு தாளாப் படிச்சிட்டுச் சத்தமில்லாம ஓரமா நகர்த்தணுமாம். திருப்புற சத்தம்கூட மைக்குல விழுந்துடும்." ஒலிபரப்பான அன்று கேட்டேன். அவர் வகுப்பில் அப்படித் தெளிவாக ஒருநாளும் பேசியதில்லை. பத்து நிமிடம் ஒரு மனிதரின் பேச்சைக் காசு கொடுத்து வாங்கி, அதில் ஒரு சொல்கூட வீணாகக் கூடாது என்று நினைத்த நிலையம் அது. நான் மயங்கியது அந்த நினைப்பில்தான்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். நேரலைத் தொலைபேசி நிகழ்ச்சி.

ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்திருப்பார். சிறுநீரகம் பற்றிப் பேசுகிறார் என்று வையுங்கள். நல்ல டாக்டர், நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருவார். டயாலிசிஸ் எப்போது, எதற்கு என்று விஷயம் சூடுபிடிக்கும் நேரத்தில் மணி அடிக்கும். "வணக்கம், யார் பேசறீங்க?" "ஹலோ..." "சொல்லுங்க, உங்க பேரு?" "ஹலோ, வானொலி நிலையமா?" "ஆமாம்மா, நேரலையில இருக்கீங்க, சொல்லுங்க." உடனே ஊளை. "அம்மா, உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க." மறுபடி ஊளை. "ரேடியோவைக் கொஞ்சம் தள்ளி வைங்க." யாரோ நடந்துபோகும் சத்தம், ஒரு கதவுச் சத்தம். டாக்டர் காத்திருக்கிறார். நானும் காத்திருக்கிறேன். திரும்பி வந்த அம்மா, "நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருக்குங்க. டாக்டர் நல்லா இருக்காரா?" என்கிறார். டாக்டர் நல்லா இருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது.

கேட்கிற ஒவ்வொரு நிலையத்திலும் இந்தச் சடங்கு உண்டு, சென்னை ஏ-யில் மட்டும் என்று சொன்னால் அநியாயம். ஊளைக்குக் காரணமும் எளியது. போனில் பேசுகிற குரல் வீட்டு ரேடியோவில் வந்து, திரும்பவும் போனுக்குள் புகுந்து சுற்றுகிறது. செயலி வந்த பிறகு இன்னொரு கூத்து சேர்ந்திருக்கிறது. அரசு வானொலியை மொபைலில் கேட்க உதவும் நியூஸ்ஆன்ஏர் செயலியில் குரல் தாமதமாகத்தான் வந்து சேரும். அதைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டே பேசுகிறவர், தான் முன்னே சொன்னதைத் தானே இப்போது கேட்டுத் திகைத்து நின்றுவிடுகிறார். அறிவிப்பாளர் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்க, இவர் அதற்கு முந்தின கேள்விக்கு "ஆமாங்க" என்று பதில் சொல்கிறார்.

நேயரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ரேடியோவில் தன் குரல் வருவதைக் கேட்க ஆசைப்படுவது தப்பா? என் கோபம் வேறு. நேயர் பேசினால் போதும், என்ன பேசினாலும் அதுவே நிகழ்ச்சி என்று ஒரு முடிவுக்கு எல்லா ரேடியோவும் வந்துவிட்டதுபோல் இருக்கிறது. தனியார் பண்பலைகள் அப்படிச் செய்வது புரிகிறது. அவர்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி கிடையாது. 2019 முதல் அரசு வானொலியின் செய்தியை அப்படியே மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். பாட்டு, விளம்பரம், அரட்டை தவிர அவர்களுக்கு வேறென்ன இருக்கிறது? ஆனால் செய்தி சொல்லும் உரிமையும், பல்கலைக்கழகமும், ஆஸ்பத்திரியும், வானிலை மையமும் கூப்பிட்டால் வந்து பேசும் மரியாதையும் கையில் வைத்திருக்கிற நிலையம் ஏன் அதே மாதிரி சிரிக்க வேண்டும்? சில அறிவிப்பாளர்கள் இப்போது நேரம் சொல்லும்போதுகூடச் சிரிக்கிறார்கள். மணி எட்டு ஆனதில் என்ன வேடிக்கை என்று எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவு திட்டியாயிற்று. இப்போது எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் தவறவிடாமல் கேட்பது விவசாய நிகழ்ச்சியை.

வானொலிக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பு பெரிய கதை. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை வானொலி வழியாகச் சொல்லிச் சொல்லியே தஞ்சைப் பக்கம் பரப்பினார்கள். விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். விதைக்கு நிலையத்தின் பேரை வைக்கிற அளவுக்கு நம்பினார்கள் என்றால் பாருங்கள். அந்த நம்பிக்கையில் மிச்சம் கொஞ்சம் இன்னும் இந்த நிகழ்ச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொஞ்ச நாள் முன்னால் தென்னையில் வெள்ளை ஈ பற்றி ஒரு நேரலை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட அந்தச் சுருள் வெள்ளை ஈதான், இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கிறது. ஒரு விவசாயி போனில் வந்தார். பேர் சொன்னார், ஊர் சொன்னார், நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்: "ஓலைக்கு அடியில வெள்ளையா மாவு மாதிரி இருக்குங்க. கீழ் மட்டை எல்லாம் மேல கரி பூசின மாதிரி கறுத்துப் போச்சு." நிபுணர் கேட்டார்: "மருந்து ஏதாவது அடிச்சீங்களா?" "ரெண்டு தடவ அடிச்சேன்." "அதை முதல்ல நிறுத்துங்க. அந்த ஈயைச் சாப்பிடற பூச்சியும் அதுல செத்துப் போயிடும்." மஞ்சள் ஒட்டுப்பொறியில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கு நடுவே கட்டுவது, ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, என்கார்சியா என்ற குட்டிக் குளவி இருக்கும் ஓலைத் துண்டுகளை வாங்கித் தோப்பில் விடுவது என்று வரிசையாகச் சொன்னார். நடுவில் ஊளை வந்தது. அறிவிப்பாளர் வழக்கமான வசனத்தைச் சொன்னார். அதற்கு அந்த மனிதர், "குறைச்சா என் சம்சாரத்துக்குக் கேக்காதுங்களே, அவங்கதான் எழுதிக்கிறாங்க" என்றார்.

நான் அன்று வாய்விட்டுச் சிரித்தேன். அறிவிப்பாளர் சிரிக்கவில்லை. "அப்படின்னா நீங்க போனை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துடுங்க ஐயா" என்றார். வந்தார். பேச்சு தொடர்ந்தது. எங்கள் வீட்டு பால்கனியில் தொட்டியில் நிற்பது ஒரு கறிவேப்பிலை. ஆனாலும் விளக்கெண்ணெய் விஷயத்தை நானும் குறித்துக்கொண்டேன்.

டிஜிட்டலாக மாறினால் இரைச்சல் போய்விடுமே என்று சிலர் கேட்கலாம். டி.ஆர்.எம் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு முறை இருக்கிறது. நாடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட மீடியம் வேவ் நிலையங்களில் அதற்கான டிரான்ஸ்மிட்டர் போட்டு வருஷக்கணக்காகிறது, சென்னையும் அதில் உண்டு. அதை வாங்கிப் பாடுகிற செட் சில கார்களில் இருக்கிறது. தெருமுனைக் கடையில் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். திண்டுக்கல், தேனிப் பக்கம் இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோடைப் பண்பலை 100.5 கொடைக்கானல் மலைமேலிருந்து தெள்ளத்தெளிவாக இறங்கி வருகிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம் சார். மொபைலில் நியூஸ்ஆன்ஏர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இரைச்சல் இருக்காது, பேட்டரி செல் வாங்கும் செலவு இல்லை. காலைச் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் கேளுங்கள், மீதி நேரம் மூடிவையுங்கள். ஐந்துக்கு எத்தனை கொடுப்பேன் என்று கேட்டால் இன்றைக்கு இரண்டு. இன்று காலை ஒரு கண் டாக்டரைப் பேசவே விடவில்லை. தெருவில் கரண்ட் போயிருக்கும்போது வந்து கேட்டிருந்தால் நாலு சொல்லியிருப்பேன்.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், மீடியம் வேவ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோ என்று இப்போது எடுத்துக் காட்டுவதில் நிறைய, எஃப்.எம்மும் ப்ளூடூத்தும் பென்டிரைவ் சொருக ஒரு ஓட்டையும் உள்ள பெட்டிகள். டயலில் 530-லிருந்து 1600 வரை எண் போட்டிருக்க வேண்டும். கடையிலேயே 720-ல் வைத்து, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கடைக்காரர் மேலே எரிகிற பல்பை அணைக்க ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாங்கியதும் சொல்லுங்கள், வந்து திசை வைத்துத் தருகிறேன்.