வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கான 275 ரூபாய் காப்பீடு: எடுத்தால் போதுமா?

பத்தாவது முடிக்காதவர் ஈசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் சவுதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போக, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இந்தக் காப்பீட்டு பாலிசி கட்டாயம். அது இல்லாமல் குடிபெயர்வு அனுமதி வராது. அனுமதி இல்லாவிட்டால் மீனம்பாக்கம் குடியேற்றச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிரீமியம் 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். வேலை கொடுத்தவர் மாறினாலும் பாதுகாப்பு தொடரும். இந்த விலைக்கு இது உண்மையிலேயே நல்ல பாலிசி. தயங்காமல் 3 வருடத்துக்கே எடுங்கள்.

பெரிய குறை, 10 லட்சம் விபத்துக்கு மட்டும்தான். தூக்கத்தில் மாரடைப்பு வந்து இறந்தால் குடும்பத்துக்கு அந்தத் தொகை இல்லை. வெயிலில் உழைக்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. தனியாக ஒரு டேர்ம் பாலிசியும் (இயற்கையாக இறந்தாலும் தொகை தரும் ஆயுள் காப்பீடு) வேண்டும்.

கிளெய்மில் சிக்கல் நம் இனிஷியலாலும் வரலாம். நாமினியான மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாலிசியில் வேறு மாதிரி இருந்தால் அலைச்சல். கிளம்புமுன் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பாலிசி நகல் வேலைக்கு அனுப்பும் ஏஜென்டிடமே தங்கிவிடக் கூடாது. வீட்டில் ஒன்று இருக்கட்டும். காலாவதியாகும் தேதியை மனைவியிடமும் சொல்லிவையுங்கள், வெளிநாட்டிலிருந்தே ஆன்லைனில் புதுப்பிக்கலாம்.

ஏஜென்ட் இதற்கென ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் வாங்கக்கூடிய மொத்த சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது கேளுங்கள்.