கொடைக்கானல் பழைய ரெக்கார்டு கடை: முன் அடுக்கைத் தாண்டிப் போங்கள்

ஏழு ரோட்டிலிருந்து இறங்கும் சந்து ஒன்றில், பலகைகூட மாட்டாத பழைய சாமான் கடை. குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் நான்கு மர அடுக்கு நிறைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் காலி செய்த பங்களாக்களிலிருந்து வந்த சரக்கு. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் பள்ளிக்கூடமே தொடங்கிய ஊர் இது. அதனால்தானோ என்னவோ, டம்டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. தட்டுகளோடு அமெரிக்க அச்சும் கலந்து கிடக்கிறது.

ராக் அண்ட் ரோல் தேடி வருபவர்களை நேராக முன் அடுக்குக்கு அழைத்துப் போகிறார்கள். எல்விஸ், பில் ஹேலி, அட்டையில் முகம் தெரிந்தால் 1,500 ரூபாய்க்குக் குறையாது. அவ்வளவு கொடுக்க வேண்டாம். அதில் பாதி பிற்கால மறு அச்சு. அட்டையில் 'எலக்ட்ரானிகலி ரீப்ராசஸ்டு ஸ்டீரியோ' என்று இருந்தால் உடனே திருப்பி வைத்துவிடுங்கள். ஒரே தடத்தில் பதிந்த மோனோ பாட்டை வடிகட்டிப் பிரித்து, இடம் வலம் என்று போலியாகப் பரப்பியது அது. பாடுகிறவர் கிணற்றுக்குள் நிற்பதுபோல் கேட்கும்.

சரக்கு தரையில் இருக்கும் மூன்று அட்டைப் பெட்டிகளில்தான். 'சர்ச்', 'கன்ட்ரி', 'டான்ஸ்' என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது. எதை எடுத்தாலும் 150 ரூபாய். ராக் அண்ட் ரோல் பிறந்த வீடு இந்த மூன்று பெட்டிதான் என்பது விலை எழுதியவருக்குத் தெரியாது, நமக்கு லாபம்.

சர்ச் பெட்டியில் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் பெயர் இருந்தால் யோசிக்காதீர்கள். தேவாலயப் பாட்டுக்கு எலக்ட்ரிக் கிட்டார் பிடித்த பெண். 1944-இல் டெக்கா கம்பெனிக்கு அவர் பதிந்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' பாட்டில் சாமி பிரைஸின் பூகி பியானோ, இடது கை ஓயாமல் உருட்டும் தாளத்தோடு, உருள்வதைக் கேட்டால், பத்து வருடம் கழித்து வந்தவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று புரியும்.

கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுப் பெட்டியில், பாடகர் பில் மன்றோவைத் தேடுங்கள். 1954-இல் சன் கம்பெனி வெளியிட்ட எல்விஸின் முதல் தட்டுக்கு எண் 209. ஒரு பக்கம் ஆர்தர் க்ரூடப்பின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை), மறுபக்கம் மன்றோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'. மன்றோ வால்ட்ஸாக, நம் கணக்கில் திஸ்ரமாகப் பாடியதை எல்விஸ் சதுஸ்ரத்துக்கு மாற்றி ஓடவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்க வேண்டும்.

டான்ஸ் பெட்டியில் தேட வேண்டியவர் பாடகர் லூயி ஜோர்டன். அவருடைய 1946-ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றில், 'எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ உமன்', கார்ல் ஹோகன் வாசிக்கும் கிட்டார் தொடக்கம்தான் 1958-இல் சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' தொடக்கமாக ஏறக்குறைய அப்படியே திரும்பி வருகிறது. தொகுப்புத் தட்டுகளில் 1951-இன் 'ராக்கெட் 88' பாட்டு கிடைத்தால், கிட்டார் கரகரக்கிறது, தட்டு தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். வழியில் அடிபட்ட ஆம்ப்ளிஃபயருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்த சத்தம் அது. பாட்டின் பெருமையே அதுதான்.

கடையில் போட்டுக் காட்டுகிறார்கள், நல்லது. ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டையும், 33 சுற்று ஓடும் எல்.பி. தட்டுக்கான முள்ளிலேயே ஓட்டுகிறார்கள். எல்.பி. முள்ளின் நுனி ஏறக்குறைய 25 மைக்ரான். 78-க்கு 75 வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உராய்ந்து இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். அதைக் கேட்டு நல்ல தட்டை விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மன்னிக்க முடியாத இன்னொன்று: பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறார்கள். 78 சுற்றுத் தட்டு அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். துடைக்காமல் அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். கொடைக்கானல் மஞ்சில் பூத்த வெள்ளைப் பூஞ்சை, காய்ச்சி வடித்த தண்ணீரும் மென்மையான துணியும் இருந்தால் போய்விடும். தண்ணீர் லேபிளில் படக்கூடாது. பூஞ்சை போன பிறகும் பள்ளத்தில் வெள்ளை தெரிந்தால் அது தேய்மானம். வாங்க வேண்டாம்.

ரெக்கார்டு பிளேயர்களும் விற்கிறார்கள். அமெரிக்க பிளேயர் பெட்டி என்றால் 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்துத் தருகிறார்கள். அது வோல்டேஜை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60, இங்கே 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்து ஓடும் மோட்டார் என்பதால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, பாட்டு மூன்று சுரத்தானம் இறங்கிவிடும்; கத்திப் பாடும் ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டே தூக்கத்தில் பாடுவார். மோட்டாரும் சூடாகும். லேபிளில் துண்டுக் காகிதம் ஒட்டி, 33 சுற்று வேகத்தில் (சரியாக 33⅓) வைத்து, மூன்று நிமிடம் எண்ணுங்கள். 100 சுற்று வர வேண்டும். 83 வந்தால் 60 ஹெர்ட்ஸ் பெட்டி. மோட்டார் தண்டின் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு விட்டம் கூட்டி லேத்தில் கடைந்து மாற்றலாம். அந்தச் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலும் ஓடும் டி.சி. மோட்டார் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

உறை தனியாகக் கேட்டால்தான் தருவார்கள். மலை இறங்கும்போது தட்டுகளை நிமிர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். படுக்க வைத்தால் 78 ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாங்காது. வத்தலகுண்டில் சாப்பிட இறங்கினால் பையையும் கையோடு எடுத்துப் போங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் எல்.பி. அப்பளமாக நெளிந்துவிடும்.