சுமப்பவரின் முதுகையும் கருதிய ஒரு வீடு மாற்றும் சேவை

சென்னை அண்ணாநகரில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து வேளச்சேரிக்கு வீடு மாற்றித் தந்த நிறுவனத்தை, பொருள்கள் உடையாமல் வந்து சேர்ந்ததற்காக மட்டுமன்றி, தன் தொழிலாளர்களை அது நடத்திய விதத்திற்காகவும் பாராட்ட வேண்டும். முந்தைய நாளே மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, படிக்கட்டின் அகலத்தையும் திருப்பங்களையும் அளந்து, எந்தப் பொருளை எத்தனை பேர் தூக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடையை 55 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. இரும்பு பீரோவை ஒரே ஆளின் முதுகில் கயிறு கட்டி ஏற்றுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். இவர்களோ அதை நான்கு பேராக, தோள்பட்டையில் மாட்டிய வார்களின் துணையுடன், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறக்கினார்கள். புத்தகங்களைச் சிறிய அட்டைப்பெட்டிகளில் மட்டுமே அடுக்கினார்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் அது தூக்குபவரின் இடுப்பைப் பதம் பார்த்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் கையுறை இருந்தும், இருவர் ரப்பர் செருப்புடனேயே வேலை செய்தார்கள். வண்டியிலிருந்த முதலுதவிப் பெட்டியில் பஞ்சைத் தவிர வேறொன்றுமில்லை. கட்டணம் சற்றுக் கூடுதல்தான், ஆனால் அந்த நான்காவது ஆளுக்கான கூலியும் அதில் அடக்கம்.