அசல் காட்ஸில்லா என்று சொல்லி 720 ரிங்கிட்டைப் பறித்த கடை: கோலாலம்பூர் சேகரிப்பாளர்கள் கவனத்திற்கு

கோலாலம்பூர் நகர மையத்தில், பேரங்காடி ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் சேகரிப்புப் பொம்மைக் கடையில், அசல் என்ற பெயரில் ஒரு போலிக் காட்ஸில்லா பொம்மையை என் தலையில் கட்டி 720 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடம் இனிப் பேசிப் பயனில்லை என்பது நேற்று மாலையோடு தெளிவாகிவிட்டதால், கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கப் போனது, 2023இல் வெளிவந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தின் உருவத்தை ஜப்பானின் பண்டாய் பொம்மை நிறுவனம் எஸ்.எச்.மான்ஸ்டர்ஆர்ட்ஸ் என்ற வரிசையில் வெளியிட்ட, மூட்டுகள் அசையும் ஆக்‌ஷன் ஃபிகர். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதை அந்தப் படம் 2024இல் பெற்றதிலிருந்தே அதன்மேல் எனக்கு ஒரு கண். திரையில் கட்டடங்களை மிதித்துக்கொண்டு வரும் அந்தப் பேருருவம், மேசைமேல் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்.

கடையில் இருந்த இளைஞர் தமிழர். கேட்ட உடனே கண்ணாடி அலமாரியைத் திறந்து, காட்சிக்கு வைத்திருந்த உருவத்தை என் கையில் கொடுத்து, “நல்லா பாருங்கண்ணே, பாத்துட்டு அப்புறம் விலை பேசலாம்” என்றார். நான் அவசரப்படாமல் பார்த்தேன். வால் கணுக்கணுவாக வளைந்து, வளைத்த இடத்திலேயே நின்றது. முதுகுச் செதில்களின் அடியில் கருமையாகத் தொடங்கிய வண்ணம், நுனிக்குப் போகப் போகத் திட்டு எதுவும் தெரியாமல் வெளிறியது. வாயைத் திறந்தால் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிந்தன. கடுகளவே உள்ள கண்மணிகள் இரண்டும் ஒரே திசையை நோக்கின. இவ்வகை உருவங்களை மதிப்பிடுபவர்கள் முதலில் பார்க்கும் இடங்கள் இவைதாம். நான் கையில் வைத்திருந்தது அசல் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

அதன் பிறகுதான் வேலையைக் காட்டினார். “இது டிஸ்ப்ளே பீஸ், நாலு பேரு கை பட்டது. உங்களுக்குப் பிரிக்காததா தர்றேன்” என்று உள்ளே போய், நெகிழித்தாள் சுற்றி ஒட்டிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கேயே பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பிரிச்சா வேல்யூ போயிடும்ண்ணே, நம்பி எடுத்துட்டுப் போங்க. ஏதாச்சும்னா நான் இங்கதானே இருக்கேன்” என்றார். பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்ற சேகரிப்பாளர்களின் நம்பிக்கையையே இந்த ஏமாற்றுக்கு மூலதனமாக வைத்திருக்கிறார்கள். கியூஆர் குறியை வருடி 720 ரிங்கிட்டைச் செலுத்தினேன்.

செந்தூலில் என் வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. வால் வளைத்த இடத்தில் நிற்காமல் செத்த பாம்பாகத் தொங்கியது. செதில் நுனிகளில் வெள்ளைச் சாயத்தைத் தீற்றியிருந்தார்கள். மேல்வரிசைப் பற்கள் ஒரே பட்டையாக ஒட்டிக்கிடந்தன. ஒரு கண் மேலேயும் மற்றது பக்கவாட்டிலும் பார்த்தது. பெட்டியில், படத்தைத் தயாரித்த தோஹோ நிறுவனத்தின் உரிமைக்குறி இருக்க வேண்டிய வரியில், பூதக்கண்ணாடி வைத்தும் படிக்க முடியாத மசி மட்டுமே இருந்தது.

படங்களை எடுத்து அனுப்பினேன். முதலில், “வேற லாட்டா இருக்கும்ண்ணே, ஃபேக்டரியில அப்படித்தான் வரும்” என்றார். பிறகு முதலாளி ஜொகூருக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். முதலாளி வந்தாரோ இல்லையோ, அதன் பின் என் செய்திகளுக்கு நீலக்குறி மட்டுமே விழுந்தது. நேரில் போய் நின்றபோது, அதே இளைஞர் என்னை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல, “சீல் உடைச்ச சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்” என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். பிரிக்காமல் போலி என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரசீதை நீட்டினேன். அதில் ‘டாய் - 1, ரிங்கிட் 720.00’ என்றுதான் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரோ, அசல் என்ற சொல்லோ இல்லை. அந்த அசல் உருவமோ அதே கண்ணாடி அலமாரியில், அடுத்த ஆளை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

இவ்வகை உருவங்களை மதிப்பிடுவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காட்சிக்கு வைத்திருப்பதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும், உங்களிடம் தரப்படும் பெட்டி வேறு என்பதை மறக்காதீர்கள். கடையிலேயே பிரிக்க விடாவிட்டால் வாங்காதீர்கள், அல்லது அந்தக் காட்சி உருவத்தையே கேளுங்கள். தயாரிப்பாளர் பெயரையும் ‘அசல்’ என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை இருக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

என் 720 ரிங்கிட்டுக்கு அங்கேதான் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை முடியும்வரை கடையின் பெயரைச் சொல்வதாக இல்லை. தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம்.