மழை நாளில் கேரவன் பயணம்: ஏலகிரியா, ஜவ்வாதா?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாளொன்றில் வேலூரிலிருந்து, உள்ளேயே தங்கும் வசதியுள்ள கேரவன் வண்டியில் மலையேற நினைப்பவருக்கு ஏலகிரியும் இருக்கிறது, ஜவ்வாது மலையும் இருக்கிறது. வாணியம்பாடி வரை இரண்டுக்கும் ஒரே நெடுஞ்சாலைதான் என்பதால் முடிவை வீட்டிலேயே எடுக்க வேண்டியதில்லை; ஆம்பூரில் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் பார்சல் வாங்கிக்கொண்டு, வாணியம்பாடியில் மேகத்தைப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். அமிர்தி வழியாக ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்குப் போகும் குறுகலான காட்டுப்பாதை நம் ஊருக்கு நெருக்கமானதுதான். ஆயினும் மழையில் கூரை உயர்ந்த வண்டியை அதில் ஓட்டச் சொல்ல மாட்டேன்.

அடிவாரத்திலுள்ள பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அடுத்த பெயர்ப் பலகையைப் படிக்க முடியாத அளவுக்குப் பனி மூடிவிட்டால் ஓரிடத்தில் ஒதுங்கிக் காத்திருப்பதே நல்லது. வளைவுகள் இறுக்கமானவை என்றாலும் பேருந்துகள் அன்றாடம் ஏறி இறங்கும் சாலை அது. இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீர்த் தொட்டியைத்தான். 100 லிட்டர் என்பது 100 கிலோ எடை. தொட்டி பாதி நிரம்பியிருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த எடை ஒரு பக்கமாகச் சரிந்து வண்டியையும் சாய்க்கும் என்பதால், குறைவாக எடுத்துச் சென்று மேலே போய் நிரப்பிக்கொள்வது உத்தமம்.

ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் நுழைந்தால் காவலூர் வருகிறது. ஏலகிரி 1,100 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்க, காவலூர் சுமார் 725 மீட்டர்தான் என்பதால் மேகத்துக்குள்ளேயே ஓட்ட நேர்வது அங்கே குறைவு. ஆனால் அதைத் தாண்டி ஜமுனாமரத்தூரை நோக்கிப் போகையில், ஓடைத் தண்ணீர் சாலையின்மேல் புரண்டால் அடியில் தார் மிஞ்சியிருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. கனமழையில் எனக்கு அச்சம் தருவது ஏலகிரியின் வளைவுகளைவிட இதுதான்.

பயணத்தின் பெரும்பகுதி வண்டி நின்ற பிறகே கழிகிறது. கதவை அடைத்துக்கொண்டு நான்கு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தால் மூச்சிலுள்ள ஈரமே கண்ணாடியில் நீராகக் கோத்துக்கொள்ளும். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தால் எதிரே உள்ள மரம்கூடத் தெரியாது. மழைக்குப் பயந்து ஜன்னல்களை முழுக்க மூடிவிட்டுக் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. கூரையிலுள்ள சூரிய மின்தகடு கருமேகத்தின் கீழ் பெயரளவுக்குத்தான் மின்சாரம் தரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. அது ஈய-அமில வகை என்றால் அதில் பாதியைத்தான் கேடின்றிப் பயன்படுத்த முடியும். சிறு ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, கைப்பேசிகள் என்று எல்லாமாகச் சேர்ந்து அதைத் தீர்க்க அதிக நேரம் ஆகாது. ஏலகிரியில் தங்கும் விடுதிகள் நிறைய உண்டு. வளாகத்தில் இடமும் மின் இணைப்பும் கேட்டுப் பணம் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். ஜவ்வாதில் அந்த வசதி அரிது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி இரவு தங்கவும் கூடாது. செம்மண் ஊறிய இடத்தில் நிறுத்தினால் காலையில் சக்கரம் புதைந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகும், தூறல் மட்டுமே இருக்கும் நாளில், சிறிய வேன் வைத்திருப்பவருக்கு ஜவ்வாதுதான் மனம் நிறைந்த பயணம். ஏலகிரியில் புங்கனூர் ஏரியில் படகு நின்றுவிட்டால் பிள்ளைகளுக்குச் செய்ய அதிகமில்லை. ஜவ்வாதிலோ மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடியினரின் சாமை வயல்களை ஒட்டி ஓட்டிச் செல்வதே பொழுதுபோக்கு. சாமையும் தேனும் வாங்கி வரலாம். காவலூரின் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களுக்கான தடயம் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று. மழை இரவில் வானம் மட்டும் கிடைக்காது.

எந்த மலையானாலும் இருட்டுவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். மரக்கிளைக்கு அடியிலும் ஓடைக்கரையிலும் நிறுத்தக் கூடாது. மறுநாள் இறங்குகையில் பிரேக்கையே நம்பியிராமல், ஏறிய அதே கியரில் வண்டியை இறக்க வேண்டும்.